மடிக்கணினித் திரை அளவின் வரலாறு: சிறியதா, பெரியதா?

பழைய மடிக்கணினியை மாற்றிப் புதியது வாங்கும்போது எழும் முதல் கேள்விகளுள் ஒன்று திரையின் அளவு. 14 அங்குலம் போதுமா, 15.6 அங்குலம் வேண்டுமா, அதைவிடச் சிறியது நல்லதா? கடையில் இது ரசனை சார்ந்த கேள்விபோலத் தோன்றும். ஆனால், கடந்த நாற்பது ஆண்டுகளில் திரையின் அளவை மூன்று காரணங்களே தீர்மானித்துள்ளன: கணினியைச் சுமந்து செல்லும் தொலைவு, அதை வைத்துப் பயன்படுத்தும் இடம், மின்சாரம் கிடைக்கும் நேரம். இவற்றில் ஒன்றைக் கணக்கில் எடுக்காமல் செய்யப்பட்ட கருவிகள், அவை சிறியவையோ பெரியவையோ, நெடுநாள் நிலைக்கவில்லை. இக்கட்டுரை அந்த வரலாற்றைத் தொகுத்து, தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தையும், மரக்காணம் உப்பளக் கடற்கரையை ஒட்டிய பெரிய முதலியார்சாவடி போன்ற ஊர்களின் சூழலையும் அதனுடன் சேர்த்துப் பார்க்கிறது.

மடியில் அடங்காத தொடக்கம்

கையில் எடுத்துச் செல்லும் கணினி என்ற எண்ணம் கருவிக்கு முன்பே பிறந்துவிட்டது. அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆலன் கே 1972இல் எழுதிய கட்டுரையில் 'டைனாபுக்' என்ற கருவியைக் கற்பனை செய்தார். அது குழந்தைகளுக்கானது, ஒரு குறிப்பேட்டின் அளவைத் தாண்டக் கூடாது, எடை 4 பவுண்டுக்கு, அதாவது சுமார் 1.8 கிலோவுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த வரம்பு. இன்றைய மடிக்கணினிகள் பலவும் இந்த எடைக்குள்தான் இருக்கின்றன. ஆனால் அந்த இடத்தை அடைய நெடுங்காலம் ஆயிற்று.

1981இல் விற்பனைக்கு வந்த 'ஆஸ்பர்ன் 1' ஏறத்தாழ 11 கிலோ எடை கொண்டது. விமான இருக்கையின் அடியில் வைக்கக்கூடிய பெட்டியாக அது வடிவமைக்கப்பட்டிருந்தது. பெட்டி பெரிதாக இருந்தும் அதன் திரை 5 அங்குலம் மட்டுமே. ஒரு வரியில் 52 எழுத்துகளே தெரிந்ததால், நீண்ட வரிகளைப் படிக்கத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டியிருந்தது. அதே காலத்தில் ஜப்பானின் எப்சன் நிறுவனம் உருவாக்கிய 'எச்எக்ஸ்-20' 1.6 கிலோ எடையில், ஒரு தாளின் அளவில் இருந்தது. அதன் திரையோ 4 வரிகளை மட்டுமே காட்டியது. ஒன்றில் சுமை அதிகம். மற்றொன்றில் பார்வைக்கு இடம் இல்லை.

1982இல் வந்த 'கிரிட் காம்பஸ்' இன்றுவரை நீடிக்கும் வடிவத்தைத் தந்தது. திரையை விசைப்பலகையின்மேல் மடித்து மூடும் முறையைப் பில் மோக்ரிட்ஜ் அதற்காக வடிவமைத்தார். 6 அங்குலத் திரையும் சுமார் 5 கிலோ எடையும் கொண்ட இக்கருவி, அமெரிக்க விண்வெளி ஓடங்களிலும் பயணம் செய்தது. அதன் விலை 8,000 டாலருக்கும் அதிகம் என்பதால் பொதுமக்களுக்கு எட்டவில்லை.

கையின் அளவும் கண்ணின் அளவும்

கருவியை எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாம். மனிதக் கையைச் சிறிதாக்க முடியாது. இந்த உண்மை 1990களில் தெளிவாயிற்று. 1991இல் ஆப்பிள் வெளியிட்ட 'பவர்புக்' வரிசையில் விசைப்பலகை திரையை நோக்கிப் பின்னே தள்ளப்பட்டது. முன்பகுதியில் மணிக்கட்டை வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது. இன்று பெரும்பாலான மடிக்கணினிகளில் காணப்படும் அமைப்பு இதுவே.

1995இல் ஐபிஎம் வெளியிட்ட 'திங்க்பேட் 701' இன்னொரு வழியைக் கண்டது. அதன் திரை 10.4 அங்குலம். அந்த அகலத்துக்குள் முழு அளவு விசைப்பலகை அடங்காது. எனவே, விசைப்பலகையை இரு துண்டுகளாக்கி, மூடியைத் திறக்கும்போது அவை நகர்ந்து ஒன்றுசேரும்படி செய்தனர். வண்ணத்துப்பூச்சி சிறகு விரிப்பதுபோல இருந்ததால் அதற்கு அப்பெயரே வழங்கலாயிற்று. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் அது இடம்பெற்றது. ஆயினும் திரைகள் 12 அங்குலத்தை எட்டியதும், முழு விசைப்பலகைக்கு வேண்டிய அகலம் தானாகவே கிடைத்துவிட்டது. வண்ணத்துப்பூச்சிக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

2003 ஜனவரியில் ஆப்பிள் ஒரே நாளில் இரு மடிக்கணினிகளை அறிவித்தது. ஒன்று 12 அங்குலம், எடை 2.1 கிலோ. மற்றொன்று 17 அங்குலம், எடை 3.1 கிலோ. அலைபவருக்குச் சிறியது, மேசையில் அமர்பவருக்குப் பெரியது என்ற பிரிவினை இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் வைக்கப்படவில்லை. 12 அங்குல மாதிரி 2006இலும், 17 அங்குல வரிசை 2012இலும் நிறுத்தப்பட்டன. பெரும்பாலானோர் நடுவில் உள்ள அளவுகளையே நாடினர்.

ஏழு அங்குலக் கனவு

2007ஆம் ஆண்டு சிறுமையின் ஆண்டு. நிக்கோலஸ் நெக்ரோபாண்டேயின் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டம், 7.5 அங்குலத் திரை கொண்ட 'எக்ஸ்ஓ-1' கருவியை வளரும் நாடுகளின் மாணவர்களுக்காக உருவாக்கியது. வெயிலிலும் படிக்கக்கூடிய திரை அதன் சிறப்பு. இந்தியாவின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006இலேயே இத்திட்டத்தில் சேர மறுத்துவிட்டது. அதே 2007இல் தைவானின் ஆசுஸ் நிறுவனம் 7 அங்குல 'ஈ பிசி'யைக் கொண்டுவந்தது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு; விலையும் குறைவு. 'நெட்புக்' என்ற ஒரு வகையே இதிலிருந்து கிளைத்தது.

ஆனால் அதன் திரை அகலம் 800 பிக்சல் மட்டுமே. அக்கால இணையப் பக்கங்கள் பெரும்பாலும் 1024 பிக்சல் அகலத்துக்கு அமைக்கப்பட்டவை. எனவே, ஆஸ்பர்ன் காலத்துப் பக்கவாட்டு நகர்த்தல் மீண்டும் வந்தது. 2010இல் ஐபேட் வந்ததும், படிக்கவும் பார்க்கவும் மட்டும் சிறிய கருவி தேடியவர்கள் கைக்கணினிக்கு மாறினர். எழுத வேண்டியவர்கள் பெரிய மடிக்கணினிக்குத் திரும்பினர். சில ஆண்டுகளில் நெட்புக் சந்தையிலிருந்து மறைந்தது.

2011: டெல்லி ஏழு, தமிழ்நாடு பதினான்கு

2011இன் பிற்பகுதியில், மூன்று வார இடைவெளியில் இரு அரசுகள் இக்கேள்விக்கு இரு வேறு விடைகளைத் தந்தன. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அக்டோபர் 5 அன்று, மத்திய அமைச்சர் கபில் சிபல் புதுடெல்லியில் 'ஆகாஷ்' கைக்கணினியை வெளியிட்டார். 35 டாலர் கணினி என்ற இலக்கிலிருந்து பிறந்த ஆகாஷின் திரை 7 அங்குலம், விசைப்பலகை கிடையாது. தமிழ்நாட்டு மாணவர் கைக்கு வந்ததோ 14 அங்குலத் திரையும் முழு விசைப்பலகையும் உள்ள கணினி.

எல்காட் நிறுவனம் முதல் கட்டத்திலேயே 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஒரே அளவை வாங்கியபோது, அந்த அளவே ஒரு தலைமுறையின் பழக்கமாகிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பல லட்சம் பேருக்கு வீட்டின் முதல் கணினி 14 அங்குலம்தான்.   14 அங்குலத்திலிருந்து 11.6 அங்குலத்துக்கு இறங்கினால் திரையின் பரப்பு ஏறத்தாழ 31 விழுக்காடு குறையும்.

மேசைக்கணினிக்குப் பதிலாக மடிக்கணினி என்ற முடிவின் பயன் அடுத்த ஆண்டே புலப்பட்டது. 2012இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாளின் பெரும்பகுதி மின்வெட்டு நிலவியது. பேட்டரி உள்ள கருவியே அப்போது பயன்பட்டது.

உப்பளக் கரையின் கணக்கு

பெரிய முதலியார்சாவடி, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்குச் சற்று வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர். அதே சாலையில் வடக்கே சென்றால் 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் உள்ள காலாப்பட்டு. மேலும் வடக்கே மரக்காணத்தின் உப்பளங்கள். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடத்தைக் குறிக்கும் சொல். இன்றும் இவ்வூர் வழியே கல்லூரிக்கும் வேலைக்கும் செல்வோர் பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் பையுடன்தான் போகிறார்கள். இக்கரையில் திரையின் அளவைத் தேர்ந்தெடுப்பதற்கு மூன்று கணக்குகள் உண்டு.

முதலாவது, பயணம். 14 அங்குல மடிக்கணினிகள் பெரும்பாலும் 1.3 முதல் 1.6 கிலோ வரை; 15.6 அங்குலத்தில் 1.6 முதல் 2 கிலோவுக்கு மேலும் உண்டு. மின்னேற்றியும் புத்தகங்களும் சேர்ந்தால், நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது அரைக்கிலோ என்பது சிறிய வேறுபாடு அல்ல.

இரண்டாவது, உப்புக்காற்று. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடற்கரையில் இரவு நேரங்களில் இந்த ஈரப்பதம் எளிதில் வந்துவிடும். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். மடிக்கணினியின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்போது இந்த உப்பும் உள்ளே போகிறது. அதிக ஆற்றல் கொண்ட பெரிய மாதிரிகளில் விசிறி அதிகம் ஓடும். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சில சிறிய மாதிரிகளில் விசிறியே இல்லை. கடலை ஒட்டி வாழ்பவர் விலைப்பட்டியலில் காணாத இந்த வேறுபாட்டையும் கேட்டறிய வேண்டும். திறந்த சன்னல் அருகே கணினியை இரவு முழுதும் வைக்காதிருப்பது எந்த அளவுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, புயல். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்த தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலும் இப்பகுதியை மின்சாரமின்றி விட்டன. பெரிய திரையின் பின்விளக்கு அதிக மின்சாரம் கேட்கும். எனவே திரை அளவுடன் பேட்டரியின் வாட்-மணி அளவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். 15.6 அங்குலத்தில் சிறிய பேட்டரி வைத்து விலையைக் குறைத்த மாதிரி, 14 அங்குலத்தில் பெரிய பேட்டரி உள்ள மாதிரியைவிட முன்னதாகவே அணைந்துவிடும்.

அங்குலம் சொல்வதும் சொல்லாததும்

15.6 என்ற விந்தையான எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2000களில் 14.1, 15.4 அங்குலத் திரைகள் 16:10 விகிதத்தில் இருந்தன. 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொழிற்சாலைகள் தொலைக்காட்சியின் 16:9 விகிதத்துக்கு மாறின. அவ்வாறு வந்தவையே 14.0, 15.6 என்ற அளவுகள். அகலம் கூடியதால் 15.6 அங்குல உடலில் எண்பலகைக்கும் இடம் கிடைத்தது. கணக்குப்பதிவு செய்வோருக்கு அது பெரும் வசதி. கட்டுரை எழுதுவோருக்கோ எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கிவிடும் சிறு தொல்லை.

14ஐவிட 15.6 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 24 விழுக்காடு அதிகம். ஆனால் இரண்டிலும் பிக்சல் எண்ணிக்கை 1920x1080 என்றால், பெரிய திரை கூடுதலாக எதையும் காட்டாது. அதே வரிகளைப் பெரிதாகக் காட்டும். ஓர் அங்குலத்துக்கு 14இல் 157 பிக்சலும் 15.6இல் 141 பிக்சலும் அமையும். தமிழுக்கு இது முக்கியம். ஆங்கில எழுத்து தெளிவாகத் தெரியும் அளவில், சுழிகளும் புள்ளிகளும் நிறைந்த தமிழ் எழுத்து கண்ணை உறுத்தலாம். 14 அங்குலத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு பக்கத்தில் தெரியும் வரிகள் குறையும். நாள் முழுதும் தமிழில் படித்து எழுதுபவருக்கும், கண்ணாடி அணியும் வயதினருக்கும் பெரிய திரையின் பயன் உண்மையானது.

இரண்டும் வேண்டுமென்பவருக்கான விடையை 1992இலேயே ஆப்பிள் 'பவர்புக் டுயோ'வில் முயன்றது. வெளியே சிறிய கணினி. வீட்டில் அதைத் தளத்தில் பொருத்தினால் பெரிய திரை. அன்று அதற்குத் தனிக் கருவி வேண்டியிருந்தது. இன்று 14 அங்குல மடிக்கணினியை ஒரே கம்பியால் சாதாரண வெளித்திரையுடன் இணைத்தால் போதும்.

முடிவு கைமாறிய காலம்

2025 மார்ச் 14 அன்று தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவர்களின் விருப்பப்படி கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். தொடர்ந்து வந்த எல்காட் ஒப்பந்தப்புள்ளியில் 14, 15.6 ஆகிய இரு திரை அளவுகளும் ஏற்கப்பட்டன. 2011இல் எல்லோருக்கும் ஒன்றாக அரசு முடிவெடுத்திருந்தது; 2025 அறிவிப்போ விருப்பம் என்ற சொல்லுடன் வந்தது.

அரசு தந்த முதல் கணினி பழுதாகி, சொந்தப் பணத்தில் இரண்டாவதை வாங்கும் குடும்பங்களுக்கு இந்த முடிவு இன்னும் கனமானது; அவர்களில் பலர் அடுத்த ஐந்தாண்டுகளுக்கு வேறொன்றை வாங்கப்போவதில்லை. அவர்கள் பழைய கணினியிடமிருந்தே விடையைப் பெறலாம். கடந்த ஒரு மாதத்தில் அது பையில் எத்தனை நாள் பயணித்தது, மேசையில் எத்தனை மணிநேரம் இருந்தது, மின்னிணைப்பு இல்லாமல் எவ்வளவு நேரம் ஓடியது என்று எண்ணிப் பார்த்தால் போதும். பை முந்தினால் 14 அல்லது அதற்கும் கீழ். மேசை முந்தினால் 15.6, இரண்டும் சமமானால் 14உடன் ஒரு வெளித்திரை.