நிலத்துக்குக் கீழே ஒரு மலை

1992இல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய பூமி உச்சி மாநாடு, தனது 'நிகழ்ச்சிநிரல் 21' ஆவணத்தின் 13ஆம் அத்தியாயத்தை மலைகளுக்கென்றே ஒதுக்கியது. ஐக்கிய நாடுகள் சபை 2002ஐச் சர்வதேச மலைகள் ஆண்டாகப் பிரகடனம் செய்தது. மழையையும் பனியையும் பிடித்துவைத்துச் சமவெளிக்குப் பகிர்ந்தளிக்கும் நீர்க்கோபுரங்கள் மலைகள். மலையின் நலம் கெட்டால் அதை நம்பியிருக்கும் மக்களின் வாழ்வும் கெடும் என்ற உணர்வே இவற்றின் அடிப்படை.

மலையே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இதில் என்ன பங்கு என்று வாசகர் கேட்கலாம். மத்திய மலைநாட்டில் பிறக்கும் ஆறுகளில் ஒன்றேனும் இங்கு வந்து சேர்வதில்லை. கீரிமலை பெயரளவில்தான் மலை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஆயினும் மலை செய்யும் வேலையை இங்கு ஒன்று செய்கிறது. அது காலடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். வடகீழ்ப் பருவமழை அதன் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராகத் தேங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனாலேயே.

முன்னோர் இந்த இருப்பை அளவறிந்து எடுத்தனர். ஒருவர் துலா மிதிக்க, இன்னொருவர் பட்டை பிடித்து இறைத்தார். மனித உடலின் களைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது. குழை தாழ்த்தியும் ஆட்டுப்பட்டி அடைத்தும் செம்மண்ணுக்கு உரமிட்டனர். குளங்கள் மாரிநீரை மறித்து நிலத்துக்குள் இறக்கின.

1950களுக்குப் பின் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் பரவியது. 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது. பிள்ளைகள் படித்தனர், கல்வீடுகள் எழுந்தன. அந்தச் செழிப்பைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் உவர் ஏறியது. இரசாயன உரத்தின் நைத்திரேற்று நீரில் கலந்தது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தோட்டப்பகுதிக் கிணறுகள் பல தாண்டின. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையோ 1950 முதல் 1990 வரை அந்தச் சுண்ணாம்புக்கல்லையே அகழ்ந்தெடுத்தது. அதுவும் பலருக்குச் சோறு போட்டது. பின்னர் சுன்னாகத்தில் கழிவெண்ணெய் நிலத்தடி நீரைக் கெடுத்தது. மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாற்று வழிகள் தேடப்படாமலில்லை. ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' தரும் திட்டத்தை 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்தார். அது முழுமை பெறவில்லை. இரணைமடு நீரைக் கொண்டுவரும் யோசனையை 2010களில் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். தம் வயலுக்கே போதாத நீரை எப்படித் தருவது என்ற அவர்களது கேள்வி நியாயமானது. ஈற்றில் 2024இல் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது.

கடல்நீர் குடத்தை நிரப்பலாம், தோட்டத்துக்குப் பாயாது. தோட்டம் இன்னும் சுண்ணாம்புக்கல்லின் தயவிலேயே இருக்கிறது. மலைநாட்டவருக்குக் காடு அழிவதும் மண் சரிவதும் கண்ணில் படும். இங்கு நீர் உவராகி வாயில் கரித்த பிறகே இழப்பு தெரியவருகிறது. தூர்ந்த குளங்களை மீட்பதும், இறைப்பையும் உரத்தையும் அளவோடு நிறுத்துவதும் அதற்கு முன்னரே நடக்க வேண்டிய காரியங்கள்.