சார்லட் ஏன் இசைந்தாள்?

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813இல் வெளிவந்தது. அதனைக் காதற்கதையென்றே பலரும் படிக்கின்றனர். அடியில் ஓடுவதோ சொத்துரிமை. பென்னட் என்னும் கனவானுக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுன்; பெண்மக்கள் ஐவர், ஆண்மகவு இல்லை. ஆண்வழியே சேரவேண்டுமெனக் கட்டுண்ட அந்நிலம், அவர் கண்மூடியதும் உறவினரான காலின்ஸ் பாதிரியாருக்குப் போய்விடும். மாப்பிள்ளை தேடித் தவிக்கும் தாயைக் கண்டு நாம் நகைக்கிறோம். அவளுடைய அச்சம் நகைப்புக்குரியதன்று.

எலிசபெத் காலின்ஸை மறுத்தாள். தோழி சார்லட் லூக்காஸ் அவரையே மணந்தாள். வயது 27, அழகில்லை, செல்வமில்லை. தனக்கென ஒரு வீடு வேண்டும் என்பதே அவள் கணக்கு. அவளைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வகுப்பில் மணமாகாத ஏழைப் பெண்ணுக்கு எஞ்சியவை, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் வேலையும் உடன்பிறந்தாரின் தயவுமே.

இச்சோதனை ஆஸ்டினுக்கும் நேர்ந்தது. 1802 டிசம்பரில், பெரும் பண்ணையொன்றின் வாரிசான ஹாரிஸ் பிக்விதர் அவரை மணக்கக் கேட்டார். இசைந்த ஆஸ்டின், மறுநாட் காலையே மறுத்துவிட்டார். 1805இல் தந்தை காலமானார்; தாயும் இரு பெண்மக்களும் சகோதரர்களின் உதவியால் காலந்தள்ளினர். 1809இல் எட்வர்ட் என்னும் தமையனார் சாட்டன் கிராமத்தில் வீடளித்த பின்னரே நாவல்கள் அச்சேறின.

மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கே என்றிருந்த இங்கிலாந்துச் சட்டம் 1870இலும் 1882இலுந்தான் திருத்தப்பட்டது. ஆஸ்டின் 1817இலேயே மறைந்தார். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ உரிமையை விற்று அவர் பெற்றது 110 பவுன். மணமாகாதவராதலின், அத்தொகை அவருடையதாகவே இருந்தது.