நாளும் மீனும்

நாள் என்றதும் இன்று நமக்கு நாட்காட்டித் தாள்தான் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அச்சொல் வானத்திலும் இருந்தது. அசுவினி முதலான 27 விண்மீன் கூட்டங்களுக்கும் நாள் என்று பெயர். இடம் மாறித் திரியும் கோள்மீனிலிருந்து பிரித்தறிய அவற்றை நாண்மீன் என்றார்கள். நிலவு ஏறத்தாழ ஒரு பகலிரவுக்கு ஒரு நாண்மீனைக் கடக்கிறது. மீனுக்கும் காலத்துக்கும் பெயர் ஒன்றானது இதனால்தான் என்பது என் துணிபு.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் நாட்பெயர்களின் புணர்ச்சிக்கு விதி சொல்கிறார். அவர் கருதுவது பரணி, சித்திரை போன்ற மீன்களின் பெயரை. போருக்கு நல்ல நாள் வாய்த்தும் அரசன் உடனே புறப்பட இயலாவிட்டால், குடையையோ வாளையோ முன்னே அனுப்புவது மரபு. புறத்துறைகள் இதைக் குடைநாட்கோள், வாணாட்கோள் என்கின்றன. இங்கும் பார்க்கப்பட்டது மீனே.

சோழர் கல்வெட்டுகளுக்கு வந்தால் இப்பொருளின் பயன் முழுதும் விளங்கும். ஆட்சியாண்டு, சூரியன் நிற்கும் இராசி, பட்சம், திதி, கிழமை என்று அடுக்கி, 'பெற்ற சதயத்து நாள்' என்பதுபோல் முடிப்பார்கள். திதியும் கிழமையும் நாண்மீனும் ஒருசேரப் பொருந்தும் தேதிகள் மிகச் சில. அந்தப் பொருத்தத்தைக் கொண்டே கீல்ஹார்ன் சோழர் காலக் கணக்கை நிறுவினார். 1922இல் வெளியான சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்கப் பெருநூல் அந்தக் கணக்கை ஆய்வாளர் எல்லார்க்கும் எளிதாக்கியது. தமிழாய்வு அவருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது.

நாளுக்குக் காலைப்பொழுது என்ற பொருளும் உண்டு. அரசனின் காலை ஓலக்கம் நாளவை. மதுரைக்காஞ்சி அல்லங்காடிக்கு எதிரே வைக்கும் நாளங்காடி பகற்கடை. அன்றலர்ந்த பூ நாண்மலர். புதுமைப்பொருள் அவ்வழி வந்தது.

விண்மீன் பொருள் கேரளத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. அங்கே ஒருவரிடம் நாள் கேட்டால் பிறந்த நட்சத்திரத்தைச் சொல்வார். சுவாதித் திருநாள் என்ற மன்னரின் பெயரும் அவர் பிறந்த மீனால் வந்ததே. நம்மிடம் அது தேய்ந்துவிட்டாலும், திருமணத்துக்கு 'நாள் பார்க்கும்' வழக்கில் அதன் சாயல் உண்டு.

மாணவர்க்கு உரையெழுதும் புலவர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாள் என்று வருமிடமெல்லாம் தினம் என்று எழுதிக் கடந்துவிடாதீர்கள். மீனா, காலையா, புதுமையா என்று இடம் நோக்கித் தெளிந்து குறிப்பெழுதுங்கள்.