கையெழுத்து யாருடையது?

அறுவை சிகிச்சைக்கு முன்பு மருத்துவமனையில் ஒரு சம்மதப் படிவம் நீட்டப்படுகிறது. படுக்கையில் இருப்பவருக்கு வயது முப்பது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவர். அருகில் அம்மா நிற்கிறார். பேனா இயல்பாகவே அம்மாவின் கைக்குப் போகிறது. இது சரிதானா? மகன் பெரியவராகிவிட்ட பிறகு, அவருடைய உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு?

எளிமையாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. சிங்கப்பூர்ச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருப்பதால் கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முத்திரை குத்திய காலம்

1913ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மனக்குறைபாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. மூடர், மந்தபுத்தியினர், பலவீன மனத்தினர் என்ற பொருள்படும் சொற்களால் அது மனிதர்களை வகைப்படுத்தியது. முத்திரை விழுந்தவரை விடுதியில் அடைத்து வைக்கவும் அதில் வழி இருந்தது. அவரால் எதைப் புரிந்துகொள்ள முடியும் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

1959ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தை நீக்கியது. நல்ல மாற்றம்தான். ஆனால், கூடவே ஓர் இடைவெளியும் பிறந்தது. மனத்திறன் இல்லாத பெரியவர்களுக்காக முடிவெடுக்க நீதிபதிகளுக்கு இருந்த பழைய அரச அதிகாரம் 1960இல் இல்லாமற்போனது. அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது.

இரண்டு வழக்குகள்

1975இல் ஒரு தாய், அறிவுசார் குறைபாடுள்ள தம் 11 வயது மகளுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்ய விரும்பினார். மகளின் எதிர்காலம் பற்றிய அச்சமே காரணம். மருத்துவரும் இணங்கினார். கல்வி உளவியலாளர் ஒருவர் விவகாரத்தை நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றார். நீதிபதி ரோஸ் ஹெய்ல்பிரன் அறுவை சிகிச்சைக்கு அனுமதி மறுத்தார். சிறுமிக்கு இன்று புரியாவிட்டாலும், வளர்ந்த பிறகு தானே முடிவெடுக்கும் திறன் அவளுக்கு வரக்கூடும் என்பதே அவர் சொன்ன முக்கியக் காரணம்.

1989இல் வந்த வழக்கு வேறுவிதமானது. 36 வயதுப் பெண். பேச்சுத்திறனோ இரண்டு வயதுக் குழந்தையின் அளவு. அவருக்கும் கருத்தடை சிகிச்சை செய்யலாமா என்ற கேள்வி பிரபுக்கள் அவை வரை சென்றது. அப்போதுதான் பழைய இடைவெளி பளிச்செனத் தெரிந்தது. பெரியவர் ஒருவருக்காகச் சம்மதம் சொல்லப் பெற்றோருக்கும் அதிகாரமில்லை, நீதிமன்றத்திற்கும் அதிகாரமில்லை. நோயாளியின் நலனுக்கு உகந்தது என்றால் மருத்துவர் சிகிச்சை அளிப்பது சட்டத்திற்கு உட்பட்டதே என்று தீர்ப்பு வந்தது; அந்தச் சிகிச்சைக்கும் வழி திறந்தது.

திறனை அளக்கும் முறை

ஒருவருக்குத் திறன் இருக்கிறதா இல்லையா என்பதை எப்படி அறிவது? 1993இல் பிராட்மூர் மருத்துவமனையிலிருந்து ஒரு வழக்கு வந்தது. 68 வயது நோயாளி. அறிவுசார் குறைபாடு உள்ளவர் அல்லர், கடும் மனநோய்க்கு ஆளானவர். தம்மைப் பெரிய மருத்துவர் என்றே நம்பியவர். அழுகத் தொடங்கிய காலை வெட்ட அவர் இசையவில்லை. வெட்டாவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு 15 விழுக்காடுதான் என்றார் மருத்துவர். ஆனால், தம் காலைப் பற்றிய விவரத்தை அவர் புரிந்துகொண்டு எடைபோட்டிருக்கிறார் என்று நீதிபதி தோர்ப் ஏற்றுக்கொண்டார். கால் வெட்டப்படவில்லை. மனிதரும் பிழைத்துக்கொண்டார்.

இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 1995ஆம் ஆண்டு அறிக்கையில் மூன்று அணுகுமுறைகளைப் பிரித்துக் காட்டியது. ஒன்று, ஆளின் முத்திரையைப் பார்ப்பது. இரண்டு, அவர் எடுத்த முடிவு நமக்குப் பிடிக்கிறதா என்று பார்ப்பது. மூன்று, இந்த நேரத்தில், இந்த முடிவை எடுக்க அவரால் முடிகிறதா என்று பார்ப்பது. ஆணையம் மூன்றாவதையே தேர்ந்தெடுத்தது. 2005இல் அது சட்டமானது.

சிங்கப்பூரில்

அதே வழியில் சிங்கப்பூரில் 2008இல் மனத்திறன் சட்டம் நிறைவேறி, 2010 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஒருவர் விவரத்தைப் புரிந்துகொள்கிறாரா, மனத்தில் வைத்திருக்கிறாரா, எடைபோடுகிறாரா, முடிவை ஏதாவது ஒரு விதத்தில் தெரிவிக்கிறாரா என்ற நான்குமே அளவுகோல். தோற்றத்தையோ நோயின் பெயரையோ மட்டும் வைத்துத் திறனில்லை என்று சொல்லக்கூடாது. எளிய மொழியிலோ படங்களைக் காட்டியோ விளக்கினால் புரியும் என்றால் அவர் புரியாதவர் அல்லர். கொஞ்ச நேரமே நினைவில் நின்றாலும் அது மட்டுமே குறையாகாது.

ஆகவே, பல் பிடுங்கச் சம்மதம் சொல்லக்கூடிய ஒருவரால் இதய அறுவை சிகிச்சைக்குச் சொல்ல முடியாமல் போகலாம். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் பலருக்குத் தெரியாத ஒன்றும் இதில் உண்டு. பிள்ளைக்கு 21 வயது நிறைந்தபின், பெற்றோர் என்ற உறவு மட்டுமே சட்டப்படி சம்மதக் கையெழுத்துக்கு அதிகாரம் தராது. நீதிமன்றத்தால் பிரதிநிதியாக நியமிக்கப்படலாம். இல்லையேல், திறனற்றவரின் நலன் கருதி மருத்துவரே முடிவெடுப்பார். குடும்பத்தாரின் கருத்தையும் கேட்பார்.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. உடற்குறையுள்ளோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாட்டு உடன்பாட்டை மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் ஏற்றன. திறனைச் சோதித்து உரிமையைப் பறிப்பதைவிட, முடிவெடுக்கத் துணைநிற்பதே முறை என்று அந்த உடன்பாட்டின் குழு 2014இல் கூறியது.

மருத்துவர் கேட்டதும் பிள்ளைக்கு முந்திக்கொண்டு அம்மா பதில் சொல்வது பாசத்தால்தான். பிள்ளை தலையாட்டுவதும் பல நேரம் புரிந்ததால் அல்ல, பிறரை மகிழ்விக்கவே. கொஞ்சம் பொறுத்து, “டாக்டர் என்ன சொன்னாங்க, நீயே சொல்லுப்பா” என்று கேட்டுப் பார்க்கலாம். படிவத்தில் கையெழுத்து விழுவதற்கு முன் அந்தக் குரல் கேட்கப்பட வேண்டும். நூறாண்டு வழக்குகள் சொல்லித் தந்த பாடம் அதுதான்.