சிறுவர் ரைஃபிள்: அமெரிக்காவில் முதல் வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு

அமெரிக்கக் கிராமப்புறங்களில் வேட்டை என்பது தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் பழக்கம். அணிலும் முயலும் அடிக்கப் பழகி, பிறகு மான் வேட்டைக்குப் போவது அங்கே வழக்கமான படிநிலை. அந்தப் படியில் கால்வைக்கும் பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கியைக் கொடுப்பது என்ற கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கிடைத்திருக்கிறது. முதலில் விலையும், அடுத்து பிள்ளையின் உடலளவும், கடைசியாக மேற்பார்வையும் அந்த விடையைத் தீர்மானித்தன.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் கொல்லர்கள் நீண்ட குழல் ரைஃபிள்களை ஒவ்வொன்றாகக் கையால் செய்தார்கள். எல்லைப்புறக் குடும்பங்களில் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அல்ல. வீட்டுக்கு இறைச்சி கொண்டுவரும் கருவி. பின்னாளில் புகழ்பெற்ற வேட்டைக்காரர் டேனியல் பூன் 12, 13 வயதிலேயே தம் முதல் ரைஃபிளைப் பெற்றதாக அவர் வரலாறு கூறுகிறது. ஆனால் கையால் செய்த துப்பாக்கி விலை கூடியது. வளரும் பிள்ளைக்கென்று தனியாக ஒன்று வாங்குவது எல்லாக் குடும்பங்களுக்கும் முடியாத காரியம்.

இந்த நிலையை மாற்றியது ஒரு சின்னத் தோட்டா. பிரான்ஸில் ஃப்ளோபேர் என்பவர் 1840களில் உருவாக்கிய வடிவத்தை ஒட்டி, ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1857இல் .22 ஷார்ட் தோட்டாவைக் கொண்டுவந்தது. மாசசூசெட்ஸின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887இல் .22 லாங் ரைஃபிள் என்ற தோட்டாவை வெளியிட்டது. இதன் குண்டு 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் எடையே உள்ளது. வெடிக்கும்போது தோளில் உதை ஏறக்குறைய இல்லை, சத்தமும் குறைவு, விலையும் மலிவு. துப்பாக்கியைப் பிடிக்கக் கற்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தோட்டா இன்றுவரை வரவில்லை.

தோட்டா கிடைத்ததும் ஆலைகள் அதற்கேற்ற சிறுவர் ரைஃபிள்களைச் செய்து குவித்தன. 1890களில் ஸ்டீவன்ஸின் ஃபேவரிட், ரெமிங்டனின் நம்பர் 4 ஆகியவை வந்தன. ஜான் பிரௌனிங் வடிவமைத்த, குழலின் பின்வாயைப் போல்ட் என்ற தண்டால் மூடும் எளிய ரைஃபிளை வின்செஸ்டர் 1900 வாக்கில் விற்பனைக்கு விட்டது. மிச்சிகனின் பிளிமத் நகரில் ஹாமில்டன் நிறுவனம் செய்த மலிவு ரைஃபிள்கள், வீடுவீடாகச் சரக்கு விற்றுக் கொடுக்கும் சிறுவர்களுக்குப் பரிசாகவும் போய்ச் சேர்ந்தன. இவை எல்லாம் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள். ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டபின் அடுத்ததைக் கையால்தான் இட வேண்டும். மலிவுக்காகச் செய்த இந்த எளிமையே பாதுகாப்பும் ஆனது. 1934 முதல் 1963 வரை வின்செஸ்டர் விற்ற மாடல் 67இல், போல்ட்டை மூடினால் மட்டும் போதாது. பின்புறக் குமிழைத் தனியாக இழுத்தால்தான் சுட முடியும். ஒரே தோட்டா என்பதால் நிதானித்துக் குறிபார்க்கும் பழக்கமும் பிள்ளைக்கு வந்தது.

உற்பத்தி பெருகியபோது சந்தையையும் நிறுவனங்களே வளர்த்தன. வின்செஸ்டர் 1917இல் ஜூனியர் ரைஃபிள் கோர் என்ற அமைப்பைத் தொடங்கி, குறிபார்த்துச் சுடும் சிறுவர்களுக்குப் பதக்கங்கள் வழங்கியது. 1920களில் தேசிய ரைஃபிள் சங்கம் அதை ஏற்று நடத்தியது.

அணில், முயல் வேட்டைக்கு .22 போதும், மானுக்குப் போதாது. பெரும்பாலான மாநிலங்கள் மான் வேட்டையில் அதைத் தடைசெய்துள்ளன. காயப்பட்ட மான் சாகாமல் ஓடிப்போவதே காரணம். பெரியவர்கள் வைத்திருந்த .30-06 போன்ற ரைஃபிள்களோ பிள்ளையின் தோளை உதைத்துத் தள்ளின. உதைக்கு அஞ்சிய பிள்ளை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடி உடலைக் குறுக்கிக்கொள்ளும், குறி தவறும். இப்பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போக்குவது கடினம். வின்செஸ்டர் 1955இல் கொண்டுவந்த .243 தோட்டா இந்த இடைவெளியை நிரப்பியது. மானுக்குத் தேவையான வலு இருந்தும், உதை .30-06இல் ஏறக்குறைய பாதிதான்.

உடலளவும் தோட்டாவைப் போலவே முக்கியம். தோளில் பதியும் துப்பாக்கிக் கட்டையின் பின்முனையிலிருந்து விசை வரையுள்ள தூரம் பெரியவர்களுக்கு 13.5 அங்குலம் அளவில் இருக்கும். பிள்ளைக்கு அது நீளம். உடலைப் பின்னுக்கு வளைத்துத் துப்பாக்கியைத் தாங்க நேரும். இதற்காகத் தகப்பன்மார் கட்டையை அறுத்துக் குறுக்கினார்கள். வெட்டிய துண்டைப் பத்திரமாக வைத்திருந்து, பிள்ளை வளர்ந்ததும் மீண்டும் பொருத்தினார்கள். இன்றைய இளையோர் ரைஃபிள்களில் இந்தத் தூரம் 12, 12.5 அங்குல அளவில் வருகிறது. வளர வளரச் சேர்க்கத் தகடுகளும் சிலவற்றோடு கிடைக்கின்றன.

துப்பாக்கி எவ்வளவு பொருந்தினாலும் அதைப் பிடிப்பவர் பிள்ளைதான் என்பதால், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சட்டம் உள்ளே வந்தது. முதன்முதலாக 1949இல் நியூயார்க் மாநிலம் இளம் வேட்டைக்காரர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமம் பெற்ற கடைகள் 18 வயதுக்குட்பட்டோருக்கு ரைஃபிள் விற்பதைத் தடுத்தது; தபாலில் வரவழைக்கும் வழக்கத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. பிள்ளைகள் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைத்திருக்கும் பெரியவர்களைப் பொறுப்பாக்கும் முதல் மாநிலச் சட்டம் 1989இல் ஃபுளோரிடாவில் வந்தது.

இந்தச் சட்டங்களுக்குப் பின்னும் சிறுவர் ரைஃபிள்கள் வந்தன. பென்சில்வேனியாவில் 1996இல் தொடங்கிய நிறுவனம் ஒன்று, க்ரிக்கெட் என்ற பெயரில் சுமார் ஒன்றேகால் கிலோ எடையுள்ள .22 ரைஃபிளைச் சிறுவர்களுக்கென்றே விற்றது. இதுவும் பழைய வழியில் கையால் குமிழை இழுத்துச் சுடும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்தான். 2013இல் கென்டக்கியில் ஐந்து வயதுச் சிறுவன் இத்தகைய ரைஃபிளால் தற்செயலாகச் சுட, அவன் இரண்டு வயதுத் தங்கை இறந்தாள். இயந்திர எளிமை எவ்வளவு இருந்தாலும் பூட்டுக்கும் பெரியவர் கண்காணிப்புக்கும் அது ஈடாகாது என்பதை இந்தச் சாவு காட்டியது.

2006இல் பென்சில்வேனியா தொடங்கிய வழிகாட்டி வேட்டைத் திட்டம் இந்தக் கண்காணிப்பை அதற்கு முன்பே விதியாக்கியிருந்தது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையும் உடன்வரும் பெரியவரும் சேர்ந்து ஒரே ஆயுதம்தான் வைத்திருக்கலாம். நடக்கும்போது அதைப் பெரியவரே சுமக்க வேண்டும். ஓரிடத்தில் நின்ற பிறகே பிள்ளையிடம் தரலாம்.