பிற்பகல் தேநீரும் பூட்டிய பெட்டியும்

நண்பர்கள் நால்வர் பிற்பகலில் வீட்டுக்கு வந்தால் கேளாமலே தேநீர் தருகிறோம். இந்த எளிமை வரலாற்றில் பிந்தியது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலையைப் பெட்டிக்குள் பூட்டிவைத்தார்கள்; சாவி இல்லத்தலைவியிடம் இருந்தது. விலையும் வரியும் அத்தகையவை. 1784இல் இளைய பிட்டின் அரசு 119 விழுக்காட்டு வரியை 12.5 ஆகக் குறைத்தது.

1840 அளவில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, இரவுணவு வெகுநேரம் தள்ளிப்போனதால், பிற்பகற் பசிக்குத் தேநீரும் ரொட்டியும் வரவழைத்தார். பின்னர்த் தோழியரையும் உடன் அழைத்தார் என்பர். பெண்களே அழைத்து, பெண்களே உரையாடலை நடத்திய விருந்தாக அது வளர்ந்தது.

அவ்வழக்கம் எளியோர் வீடுகளுக்கும் வரத் தேயிலை மலிய வேண்டியிருந்தது. 1839இல் அஸ்ஸாம் தேயிலை இலண்டனில் ஏலம் போயிற்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தோட்டங்கள் பெருகியபோது அங்கே கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற எளிய மக்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

ஊரார் விருந்துக்கெல்லாம் இலை பறித்தவர்கள், தாம் பிறந்த மண்ணிலேயே அழையா விருந்தாளிகளாக எண்ணப்பட்டார்கள். பிற்பகல் தேநீரின் வரலாற்றைச் சீமாட்டியோடு நாம் முடித்துவிடலாகாது.