சுடுதளத்துக்குப் போகும் சாலை: அமெரிக்காவில் மாநிலம் மாறுவோரும் துப்பாக்கிச் சட்டங்களும்

1. பொருளும் எல்லையும்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரும் துப்பாக்கி உரிமையாளர், புதிய ஊரில் முதலில் விசாரிப்பது பக்கத்தில் சுடுதளம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். சுடுதளத்துக்குள் சட்டச் சிக்கல் குறைவு. வீட்டுக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள சாலையில்தான் அது மிகுதி. அந்தச் சாலையை மாநிலச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று அறியாதவருக்குத் தளத்தின் முகவரி கிடைத்தும் பயனில்லை.

ஐம்பது மாநிலங்களையும் ஒரு கட்டுரையில் அடக்க முடியாது. எனவே டெக்சஸிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போகும் ஒருவரின் நிலை இங்கே மையமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர் முனைகள்; நம்மவர் திரளாக வேலைக்குப் போகும் மாநிலங்களும்கூட. துப்பாக்கி உரிமை சரியா தவறா என்ற பெரிய வழக்கு இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

2. சட்டத்தின் அடுக்குகள்

2.1 கூட்டாட்சி அடுக்கு

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் 1791-இல் ஏற்கப்பட்டது. அது தனிமனிதரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது 2008-இல், ஹெல்லர் வழக்கில். 2010-இல் மக்டொனால்ட் வழக்கு அதை மாநிலங்களுக்கும் விரித்தது. 2022-இல் ப்ருவென் தீர்ப்பு, பொது இடத்தில் ஏந்திச் செல்வதையும் அந்த உரிமைக்குள் கொண்டுவந்தது. ஆனால் உரிமை இருக்கிறது என்பதும், அதை எந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்பதும் வேறு வேறு. நிபந்தனைகளில் பெரும்பகுதி மாநிலங்களின் கையில் இருக்கிறது.

மாநிலம் மாறுபவரை நேரடியாகத் தொடும் கூட்டாட்சிச் சட்டம் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்படி கைத்துப்பாக்கியை வணிகரிடம் வாங்குபவர், தாம் வசிக்கும் மாநிலத்து உரிமம் பெற்ற வணிகரிடம்தான் அதைக் கையில் பெற முடியும். ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலும் வாங்கலாம்; ஆனால் இரு மாநிலச் சட்டங்களுக்கும் அது பொருந்த வேண்டும். ஆகவே புதிய மாநிலத்தில் வசிப்பிடம் எப்போது தொடங்குகிறது என்பதே ஒரு சட்டக் கேள்வி. சொந்தமாக ஏற்கெனவே வைத்திருப்பதைத் தன்னோடு எடுத்துப்போகக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை சொல்வதில்லை. இயந்திரத் துப்பாக்கி, குறுங்குழல் ரைஃபிள் போன்ற 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருபவை விதிவிலக்கு. அவற்றை மாநில எல்லை கடத்த ஏடிஎஃப் எனப்படும் கூட்டாட்சி அமைப்பின் முன் அனுமதி வேண்டும்.

2.2 மாநில அடுக்கு

இங்கேதான் திகைப்பு தொடங்குகிறது. நியூ யார்க்கில் கைத்துப்பாக்கியை வீட்டுக்குள் வைத்திருக்கவே உரிமம் தேவை. இலினாயில் துப்பாக்கிக்கு மட்டுமன்றித் தோட்டாவுக்கும் மாநில அடையாள அட்டை வேண்டும். ஹவாயில் வந்திறங்கிய ஐந்து நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். கலிபோர்னியா 60 நாள் தருகிறது. மறுபக்கம், 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் கைத்துப்பாக்கியை மறைத்து ஏந்திச் செல்ல எந்த உரிமமும் தேவையில்லை.

மாநிலங்களைக் ‘கடுமை’, ‘தாராளம்’ என்று இரு கூடைகளில் போடும் பழக்கம் ஆபத்தானது. வெர்மான்ட் ஏந்திச் செல்வதற்கு ஒருபோதும் உரிமம் கேட்டதில்லை. ஆனால் அதே வெர்மான்ட் 2018-இல் மேகசின் எனப்படும் தோட்டாப் பெட்டியின் கொள்ளளவுக்கு வரம்பு வைத்தது: நீளத் துப்பாக்கிக்கு 10 தோட்டா, கைத்துப்பாக்கிக்கு 15. ஒரு மாநிலம் ஒரு கேள்விக்குத் தரும் விடையிலிருந்து அடுத்த கேள்வியின் விடையை ஊகிக்கக் கூடாது.

2.3 உள்ளூர் அடுக்கு

பெரும்பாலான மாநிலங்கள் நகராட்சிகள் தனித் துப்பாக்கிச் சட்டம் இயற்றுவதைத் தடுத்திருக்கின்றன. ஆனால் நியூ யார்க் நகரம் தனக்கென்று தனி உரிமம் வைத்திருக்கிறது. கொலராடோ அந்தத் தடையை 2021-இல் தளர்த்தி, உள்ளூராட்சிகளுக்கு வழிவிட்டது. ஊர்ப் பெயரையும் சேர்த்துத்தான் சட்டம் தேட வேண்டும்.

3. ஒரு பெயர்ச்சி: டெக்சஸ் – நியூ ஜெர்சி

டெக்சஸில் துப்பாக்கிப் பதிவேடு கிடையாது, மேகசினுக்கு வரம்பில்லை. 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை இல்லாத 21 வயது நிறைந்தவர் உரிமமின்றிக் கைத்துப்பாக்கி ஏந்திச் செல்லலாம். அதற்காக அங்கே கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியாது. மது விற்பனையே முக்கிய வருமானமாக உள்ள கடைகளில் ‘51%’ என்ற சிவப்பு எண்ணுடன் பலகை தொங்கும். அங்கே துப்பாக்கியோடு நுழைவது கடுங்குற்றம்.

அதே மனிதர் நியூ ஜெர்சிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையில் க்ளாக் 17 ரகத் துப்பாக்கி. அதனுடன் தொழிற்சாலையே தரும் 17 தோட்டா மேகசின். 2018 முதல் நியூ ஜெர்சியின் வரம்பு 10. ஆகவே துப்பாக்கி செல்லும், மேகசின் செல்லாது. அலமாரியில் ஏஆர்-15 ரக ரைஃபிள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1990-ஆம் ஆண்டு முதல் மாநிலம் தடைசெய்துள்ள வகையில் அது அடங்கும். இந்தத் தடைகளை எதிர்த்து வழக்குகள் நடந்துவருகின்றன. தீர்ப்பு வருமுன்பே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது வழக்கறிஞருக்கு வருமானம் தரும் நம்பிக்கை.

நியூ ஜெர்சியில் ரைஃபிளோ கைத்துப்பாக்கித் தோட்டாவோ வாங்குவதற்குத் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை வேண்டும். ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி கொள்முதல் அனுமதி. விண்ணப்பம் உள்ளூர்க் காவல்துறைத் தலைவரிடம் போகும். கைரேகை, மனநல ஆவணச் சோதனை, நற்சான்று தருவோர் எல்லாம் உண்டு. முன்பு இவை வாங்குபவருக்கு மட்டுமே பொருந்தின. கையில் துப்பாக்கியோடு குடியேறுபவர் இந்த வலைக்குள் வராமலே இருந்தார். 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடைவெளியை அடைத்தது: வெளிமாநிலத்தில் பெற்ற துப்பாக்கியுடன் குடிவருவோர் 60 நாளுக்குள் அட்டை பெற்று, ஆயுதங்களைப் பதிவு செய்ய வேண்டும்.

டெக்சஸ் உரிமத்தை நியூ ஜெர்சி ஏற்பதில்லை. எந்த வெளிமாநில உரிமத்தையும் ஏற்பதில்லை. உரிமமின்றிக் கைத்துப்பாக்கி ஏந்தினால் இரண்டாம் தரக் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அதில் பெரும்பாலும் 42 மாதம் பரோல் இல்லாமல். 2013-இல் பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஒரு தாய், நியூ ஜெர்சியில் வண்டியை நிறுத்திய காவலரிடம் தாமாகவே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். கைதானார். 2015-இல் ஆளுநரின் மன்னிப்பு வந்துதான் அந்த வழக்கின் நிழல் அகன்றது.

4. சாலையின் சட்டம்

1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஒரு பாதுகாப்பான வழிப்பயணத்தை உறுதி செய்கிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவும் ஏந்தவும் கூடியவர், இடையிலுள்ள மாநிலங்கள் வழியே அதைக் கொண்டுபோகலாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ வண்டியில் இருப்பவரின் கைக்கு எட்டக் கூடாது. டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி வேண்டும். முன்பக்க அறையும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியும் அதற்கு ஆகா.

பலர் இந்த விதியின் கடைசிப் பாதியை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். முதல் பாதிதான் முக்கியம்: சேரும் இடத்தில் அது சட்டபூர்வமாக இருக்க வேண்டும். 17 தோட்டா மேகசினை எவ்வளவு பத்திரமாகப் பூட்டினாலும், பயண முடிவு நியூ ஜெர்சி என்றால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

பயணம் நடுவில் நின்றாலும் பாதுகாப்பு நழுவக்கூடும். 2005-இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போன ஒரு பயணி நியூ ஜெர்சியின் நியூவர்க் விமான நிலையத்தில் இணைப்பைத் தவறவிட்டார். துப்பாக்கி இருந்த பெட்டியோடு விடுதியில் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்தபோது கைதானார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அவர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கில், விடுதியில் பெட்டி கைக்கெட்டும் நிலையில் இருந்ததால் கூட்டாட்சிப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் பொருளுக்கு மிக நெருக்கமானது இன்னொரு வழக்கு. கொலராடோவிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்த ஒருவர் 2009-இல் காரின் டிக்கியில் துப்பாக்கிகள் இருந்ததற்காகக் கைதானார். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறும்போது கொண்டுபோக நியூ ஜெர்சிச் சட்டமே விலக்களிக்கிறது. ஆனால் அந்த விலக்கு நடுவர் குழுவுக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை. 2010-இல் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆளுநர் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் துப்பாக்கி வைத்திருந்ததற்கான தீர்ப்பை ரத்து செய்தது. முனையில் குழியுள்ள தோட்டாக்களுக்கான தீர்ப்பை மட்டும் விட்டுவைத்தது. அத்தகைய தோட்டா டெக்சஸிலோ கொலராடோவிலோ சாதாரணமாகக் கடையில் கிடைப்பது.

சுடுதளமும் இந்தச் சாலைச் சட்டத்தின் ஒரு பகுதியே. ஏந்திச் செல்லும் உரிமம் இல்லாதவர் துப்பாக்கியோடு வெளியே வர நியூ ஜெர்சி அனுமதிக்கும் சில காரணங்களில் ஒன்று சுடுதளத்துக்குப் போய்வருவது. அதுவும் நேராகப் போக வேண்டும், தோட்டா இல்லாமல், மூடிக் கட்டிய உறையிலோ பூட்டிய டிக்கியிலோ வைத்து. சூழ்நிலைக்கு நியாயமாகத் தேவைப்படும் விலகலை மட்டுமே சட்டம் பொறுக்கும். வழியில் கடைத்தெருவில் இறங்கி ஒரு மணி நேரம் செலவிடுவது அதில் அடங்குமா என்பதை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நியூ யார்க் நகரம் ஒரு காலத்தில் இதைவிட ஒருபடி மேலே போனது. வீட்டு உரிமம் பெற்றவர் நகருக்குள் இருந்த ஏழு தளங்களைத் தவிர வேறெங்கும் கைத்துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபின், 2019-இல் நகரமே விதியை மாற்றிக்கொண்டது. 2020-இல் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. சிகாகோவின் கதை இன்னும் விசித்திரம்: உரிமத்துக்குச் சுடுதளப் பயிற்சி கட்டாயம் என்றது, நகருக்குள் சுடுதளம் கூடாது என்றும் சொன்னது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தியது.

5. சுடுதளம் தேடுதல்

எந்த வகைத் தளம் கிடைக்கும் என்பதை நில உடைமையே தீர்மானிக்கிறது. நெவாடாவின் நிலத்தில் சுமார் 80 சதவீதம் கூட்டாட்சி அரசுடையது. அப்படிப்பட்ட மேற்கு மாநிலங்களில் பொது நிலத்தின் பல பகுதிகளில் கட்டணமின்றிச் சுடலாம். தேசியக் காடுகளில் குடியிருப்பு, கட்டடம், முகாமிடங்களிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது. சாலைக்கும் நீர்நிலைக்கும் குறுக்காகச் சுடக் கூடாது. காட்டுத்தீக் காலத்தில் மொத்தமாகவே தடை வரலாம். டெக்சஸில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் தனியாருடையது. பரப்பில் அவ்வளவு பெரிய மாநிலத்தில் புதியவர் வணிகத் தளத்தையே நாட வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

மாநில வனவிலங்குத் துறைகள் நடத்தும் தளங்களைப் புதியவர்கள் ஏனோ கவனிப்பதில்லை. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதமும் நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதமும் வரி வசூலாகி, மாநிலங்களுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. வேட்டைப் பயிற்சிக்கும் பொதுச் சுடுதளங்களுக்கும் அதிலிருந்து பணம் போகிறது. ஃபீனிக்ஸில் அரிசோனா வனவிலங்குத் துறை நடத்தும் பென் அவரி தளம் நாட்டின் மிகப் பெரிய பொதுத் தளங்களில் ஒன்று. நியூ ஜெர்சியிலும் காலியர்ஸ் மில்ஸ் போன்ற வனவிலங்குப் பகுதிகளில் சிறு தளங்கள் உண்டு.

தனியார் மன்றங்கள் மலிவு, ஆனால் கதவு எளிதில் திறக்காது. காத்திருப்புப் பட்டியல், பழைய உறுப்பினரின் பரிந்துரை, ஆண்டுக்குச் சில மணி நேர உடலுழைப்பு ஆகியவை வழக்கம். உறுப்பினர் அல்லாதவரையும் சேர்க்கும் போட்டி நாட்களில் போய்வருவதே நல்ல வழி. மன்றத்தின் குணமும் அங்கே தெரிந்துவிடும்.

உள்ளரங்க வணிகத் தளம் உடனே கிடைக்கும். பல தளங்கள் தோட்டாவில் காந்தம் வைத்துப் பார்க்கும், எஃகு உள்ளீடு தடுப்புச் சுவரைச் சிதைக்கும் என்பதால். ஈயப்புகையை வெளியேற்றும் காற்றோட்டம் எப்படி என்று வாடிக்கையாளர்தான் கேட்க வேண்டும். தனியாக வரும் முதல்முறைக்காரருக்குத் துப்பாக்கி வாடகைக்குத் தராத தளங்களும் பல. தற்கொலைகளைத் தடுக்கவே அந்த விதி. நியூ ஜெர்சியில் அடையாள அட்டை இல்லாதவரும், சட்டத் தகுதியிழப்பு இல்லையென்றால், உரிமையாளரின் முன்னிலையில் தளத்துத் துப்பாக்கியைச் சில மணி நேரம் பயன்படுத்தலாம். அட்டைக்குக் காத்திருக்கும் நாட்களுக்கு இது போதும்.

6. விசாவில் இருப்போர்

மேலே சொன்ன அனைத்தும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு பெற்றவர்களுக்கும் பொருந்தும். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் 1998 முதல் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது முக்கியமான விதிவிலக்கு. சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியை அரை மணி நேரம் கையில் பிடிப்பதும் வைத்திருத்தலாகவே கருதப்படும். டெக்சஸின் டாலஸிலோ நியூ ஜெர்சியின் எடிசனிலோ அலுவலக நண்பர்கள் வார இறுதியில் சுடுதளத்துக்கு அழைக்கும்போது இதை யாரும் நினைவூட்டுவதில்லை. தளத்து ஊழியர் கேட்காமல் விட்டாலும், அங்கே கையெழுத்திட்ட படிவமும் எடுத்துப் போடும் புகைப்படமும் சான்றாக நிற்கும். பாதிப்பு வேலையையும் குடியுரிமை விண்ணப்பத்தையும் தொடும். வேட்டை உரிமம் கையில் இல்லாத விசாக்காரர்கள் அந்த அழைப்பை மறுத்துவிட வேண்டும். உரிமம் இருந்தாலும், போகும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட வேண்டும்.